விருந்தாளிப் பொத்தான்

டிவிக்கு மேல் உட்கார்ந்திருக்கும் கருப்புப் பெட்டியைப் பற்றி
யாரிடமும் சொல்லக் கூடாது என்று
கையெழுத்து வாங்கினான் அந்தப் பையன்.
பக்கத்து வீட்டுக்குமா என்றேன்.
பக்கத்து வீட்டுக்குத்தான்க்கா முக்கியமா.

குகையில், மாரியம்மன் கோயிலுக்கு இரண்டு சந்து தள்ளி,
தறிச் சத்தத்துக்கு மேல் வால்யூம் வைக்கிற எங்கள் வீட்டில்
ஆளுக்கொரு பொத்தான்.
ஒன்று அர்த்தநாரிக்கு. இரண்டு எனக்கு.
மூன்று மாமியார் பாவாயிக்கு.
நான்கு, செல்போனைத் தவிர
எதையும் பார்க்காத மகனுக்கு.
மீதி விருந்தாளிகளுக்கு.
உட்கார்ந்தால் அமுக்க வேண்டும்.
எழுந்து போனாலும் அமுக்க வேண்டும்.
நீங்க ஒருத்தர் பாத்தா
பல ஆயிரம் பேர் பாத்த கணக்குக்கா என்றான்,
காப்பியை ஆற்றிக்கொண்டே.
அன்று ராத்திரி
பல ஆயிரம் பேராகப் படுத்துக்கொள்ள
பாய் போதவில்லை எனக்கு.

ஏழரை மணி நாடகத்தில்
மருமகள் கன்னத்தில் அறை விழுகிறது.
மூன்று பக்கமிருந்து மூன்று தடவை விழுகிறது.
பட்டுப்புடவையோடு தூங்கி எழுகிறார்கள்.
ஒருத்தரும் ரேஷன் கடைக்குப் போனதில்லை.
இருந்தாலும் சொல்கிறேன்,
போன மாசம் அந்தப் பெண் வீட்டைவிட்டு இறங்கி
பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணினாளே,
ஒரு ரூபாயை மட்டும் தனியாக
முந்தானையில் முடிந்துகொண்டாளே,
அது நிஜம்.
அதை எழுதிய யாரோ
பழைய பஸ் ஸ்டாண்டில் அப்படி நின்றிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காமெடியில் ஒரு பத்திரப்பதிவு ஆபீஸ்.
முத்திரை மை காய்ந்து மூன்று வாரம்.
செத்தவரே நேரில் வந்து
தான் செத்ததற்கு நகல் கேட்கிறார்.
பாவாயி சிரித்துச் சிரித்து
பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள்.
சிரிப்புக்குப் பொத்தான் இல்லை.
அர்த்தநாரி வாய் திறந்து தூங்குகிறார்,
ஒன்றாம் நம்பர் பச்சையாய் எரிகிறது,
அதுவும் கணக்கில் சேர்த்தி.

ஒரு செவ்வாய், பதினொரு மணிக்கு மேல்
தறியை நிறுத்திவிட்டு வந்து மாற்றிக்கொண்டே போகையில்
மாட்டியது அது.
பாட்டு இல்லை. விளக்கிச் சொல்ல கனத்த குரல் இல்லை.
நாகலூர்ப் பக்கம் ஒரு பெண்
சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கிறாள்.
ஏறுகிறாள். பறிக்கிறாள். இறங்குகிறாள்.
ஏணியை அடுத்த மரத்துக்குத் தூக்கிப் போகிறாள்.
இருபது நிமிஷம்.
கேமரா அவளை ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை.
கடைசியில் யாரோ கேட்கிறார்கள், உங்க பேரு?
எதுக்கு, என்கிறாள்.
முடிந்துவிட்டது.

மாடியில் போய் நின்றேன்.
மலைப்பாதையில் ஒரு லாரி வெளிச்சம்
வளைந்து மறைந்து, மறுபடி
கொஞ்சம் மேலே வந்தது.

அடுத்த செவ்வாய் அமுக்கினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
விருந்தாளிக்கு வயசு கேட்டது பெட்டி,
ஆணா பெண்ணா கேட்டது.
ஐம்பத்திரண்டு, ஆண்.
பத்தொன்பது, பெண்.
இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு
பாயில் நெருக்கி உட்கார வைத்தேன்.
அன்றைக்கு வெள்ளைக்கல் லாரி ஓட்டுகிறவர்
சோற்றுப் பாத்திரம் கழுவினார்.
தண்ணீர் பால் மாதிரி போனது.
எட்டுப் பேரும் மூச்சுவிடவில்லை.

யாருடி வந்திருக்கறது?
இருட்டிலிருந்து பாவாயி.
யாருமில்லீங்க அத்தை.
விளக்குகளை எண்ணினாள்.
மூன்றை அணைத்தாள்.
என் பக்கத்தில் உட்கார்ந்து, காலை நீட்டி,
மூன்றைத் திரும்ப அமுக்கினாள்.

வெள்ளிக்கிழமை அந்தப் பையன் போன் செய்தான்.
செவ்வாக்கிழமை ராத்திரி உங்க வீட்ல என்னக்கா விசேஷம்?
சொந்தக்காரங்க வந்துட்டுப் போறாங்க என்றேன்.
எந்த ஊர்க்கா?
மேலே ஏற்காடு என்றேன்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவன்,
அவங்க அடுத்த வாரமும் வருவாங்களா
என்று மெதுவாகக் கேட்டான்.